கணுக்கால் திருகும் ஸ்டீல் பிளேட்டும்

பஸ் கண்டக்டர் தவமணிக்கு வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. டாக்டர் முழங்காலுக்குக் கீழே ஒரு ஸ்டீல் பிளேட்டை வைத்தார். கணுக்காலில், உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் பாலிமர் திருகு ஒன்றைப் போட்டார். வெறும் பாலிமர் பாரம் தாங்காது என்று, எலும்பில் இருக்கும் அதே சுண்ணாம்புச் சத்தைக் கண்ணுக்குத் தெரியாத பொடியாக்கி அதில் கலந்திருந்தார்கள்.

ஒரு வருஷத்தில் திருகு இளைத்துவிட்டது.

“என்னப்பா, பாதியாயிட்டே?” என்றது பிளேட்.

“எலும்பு தாங்க ஆரம்பிச்சிடுச்சுண்ணே. அது தாங்கத் தாங்க நான் விட்டுக்கிட்டே வரேன்.”

“சரியான வேலைக்கள்ளன்யா நீ. என் எலும்பைப் பாரு. பாரம்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. அப்படிப் பாத்துக்கறேன்.”

திருகு இன்னும் கொஞ்சம் கரைந்தது. அடுத்த வருஷம் அது இல்லவே இல்லை. அதிலிருந்த பொடி மட்டும் எலும்போடு எலும்பாகச் சேர்ந்திருந்தது.

அந்த வருஷக் கடைசியில் பிளேட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார்கள். டாக்டர் தவமணியிடம், “கணுக்கால் நல்லா இருக்கு. பிளேட்டுக்கு அடியில இருந்த எலும்புதான் வேலையே இல்லாம மெலிஞ்சு போச்சு. மூணு மாசம் காலை ஊன்றக் கூடாது” என்றார்.

தட்டில் கிடந்த பிளேட், பக்கத்திலிருந்த கத்தரிக்கோலிடம் சொன்னது:

“பாத்தியா? நான் வெளியில வந்து அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள அதால நிக்க முடியல.”