வேண்டாத பிள்ளை

திருச்சி ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தையைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்த நர்ஸ் எஸ்தருக்கு அன்றும் கோபம் தலைக்கேறியது. பெற்றவள் சந்திரம்மாள் கையை நீட்டவே இல்லை.

"நெஞ்சோட அணைச்சுக்கணும், உன் உடம்புச் சூடுதான் இதுக்கு உசுருன்னு எத்தனை தடவை சொல்லிக் குடுக்கறது? வாங்கும்மா!"

"இது என் புள்ளை இல்லைங்க."

"பின்னே யாருக்காகப் பாலைப் பீய்ச்சிக் குடுக்கறே? நான்தான் இங்க் ஃபில்லர்ல சொட்டுச் சொட்டா ஊத்தணுமா?"

"வேணும்னா நீங்களே வச்சுக்குங்க."

"சீ! நீயெல்லாம் ஒரு தாயா? சரி, நானே வளர்த்துக்கறேன். இனிமே இது என் புள்ளை. நீ எழுந்து போ!"

சந்திரம்மாள் விருட்டென்று எழுந்தாள். மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி தவிட்டை எஸ்தரின் கையில் திணித்தாள். குழந்தையைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தாங்க இத்தனை நாளும் காத்துக் கிடந்தேன்" என்றாள். "என் புள்ளைன்னு சொன்ன மூணையும் எமன் கொண்டுபோயிட்டான். இது உங்க புள்ளை. தவிட்டுக்கு நான் வாங்கிட்டேன். இப்ப வரச் சொல்லுங்க அவனை!"