ஸ்பெயின் படத்துக்குக் கதை சொல்பவன்

நிலக்கரி மூட்டை சுமந்த மாயாண்டியிடம், பயாஸ்கோப் கூடாரத்து முதலாளி மீராசா சொன்னார்: "உனக்கு நல்ல வாய்லா. இன்னும் சில மாசத்துல ஸ்பெயின் படம் வருது. நின்னு சனங்களுக்குக் கதை சொல்லு. தேறுனா இனிமே உனக்கு இதே வேலைதான்."

மூட்டையிலிருந்து விடுதலை! மாயாண்டி, ஸ்பானியம் பேசும் ஒரு மணிலா பேண்டு வாத்தியக்காரனைப் பிடித்து, மாதக்கணக்கில் ஸ்பானியப் பாஷையை உருப்போட்டான். தூக்கத்திலும் அதையே உளறினான்.

ஸ்பெயின் படம் வந்தது. அவன் பார்த்த முதல் பயாஸ்கோப் அதுதான். திரையில் துரையும் துரைசாணியும் சண்டையிட்டார்கள். மாயாண்டி காதைத் தீட்டிக்கொண்டான்.

"கதையச் சொல்லுய்யா!" என்று சனம் கத்தியது.

"முதலாளி, வாய்தான் அசையுது. பேச்சே கேக்கலையே!"

"படம் எங்கடா பேசும்? பேசுனா நீ எதுக்கு?"

மாயாண்டி கனைத்துக்கொண்டு திரும்பினான். "துரைசாணி கேக்குறா: கள்ளுக்கடையிலேருந்து இப்பத்தான் வர்றியா?"

கூடாரமே சிரித்தது.