முப்பத்தேழு டிகிரி

குழாய் முழுக்க மைனஸ் இருநூற்று எழுபத்தொரு டிகிரி. இருநூற்றுப் பதினாலாம் மூட்டுக்குள் மட்டும் முப்பத்தேழு, மனித உடம்பின் சூடு.

அணுவைவிடச் சிறிய துகள்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு விரட்டும் இயந்திரம் அது. நிலத்துக்கடியில் வட்டமாக இருபது கிலோமீட்டர். அந்த ஓர் எண்ணால் ஒன்பது மாதமாக முடங்கிக் கிடந்தது.

மூட்டைத் திறக்க வேண்டுமானால் குழாயைச் சூடாக்க ஆறு வாரம். திரும்பக் குளிர்விக்க ஆறு வாரம். மூன்று முறை திறந்தார்கள். மூன்று முறையும் புது சென்சார் போட்டார்கள். உள்ளே தூசிகூட இல்லை.

"இன்னொரு தடவை திறந்தா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார் தலைமைப் பொறியாளர். சென்சாரின் வயரையே வெட்டிவிடச் சொன்னார்.

காலை பத்து மணிக்கு டெக்னீஷியன் தனியாகக் கீழே இறங்கினாள். மேலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவள் கணவனின் தம்பி. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே ஷிஃப்ட், போக வர ஒரே ஸ்கூட்டர்.

சுரங்கம் வளைந்துகொண்டே போனது. எவ்வளவு நடந்தாலும் முன்னால் அதே கொஞ்ச தூரம்தான் தெரிந்தது.

மூட்டுக்குப் பக்கத்திலிருந்த போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன காட்டுது?"

"முப்பத்தொம்பதரை, அண்ணி."

இதுவரை அது முப்பத்தேழைத் தாண்டியதில்லை.

வீட்டில் மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அந்தப் பழக்கதோஷமோ என்னவோ, வயர் வெட்டும் இடுக்கியைத் தரையில் வைத்துவிட்டு மூட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெளி உறை வெறும் இரும்பாகத்தான் இருந்தது. சூடும் இல்லை, குளிரும் இல்லை. தன்னை நினைத்துச் சிரிப்பு வந்தது.

"இப்போ?"

போன் பக்கம் குனிந்தாள்.

"இப்போ எவ்வளவுப்பா?"

"அதேதான் அண்ணி. வெட்டிடுங்க."

கையை எடுத்தாள். இடுக்கியை எடுத்து வெட்டினாள்.

மூன்று மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது. தலைமைப் பொறியாளர் எல்லோர் முன்னாலும் அழுதேவிட்டார். சுரங்கக் கதவு பூட்டப்பட்டது. இனி அடுத்த வருடம்தான் திறப்பார்கள்.

சாயங்காலம் கொழுந்தன் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றான்.

"வெட்டறதுக்கு முன்னாடி கீழ என்ன பண்ணீங்க அண்ணி?"

சொன்னாள்.

அவன் ஹெல்மெட் பட்டையைத் திருகினான்.

"நான் பொய் சொல்லிட்டேன். நீங்க கேட்டப்போ முப்பத்தேழுக்கு இறங்கியிருந்துச்சு. சொன்னா மறுபடியும் திறக்கணும்பாங்கன்னு பயந்துட்டேன்."

அவள் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் இடுக்கியை எடுக்கற சத்தம் கேட்டுச்சு. உடனே ஏற ஆரம்பிச்சுது. வெட்டற வரைக்கும் ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு, அண்ணி."