யார் தோளில் தூங்குது?

"எங்க வம்சத்துல எந்தக் குழந்தைக்காவது இப்படிச் சொறி வந்திருக்கா?" என்று அலுத்துக்கொண்டார் மாமனார். மருமகளின் மடியிலிருந்த குழந்தை, சிவந்து தடித்த ஒற்றைக் கன்னத்தைப் பிறாண்டியது.

"வாசனை சோப்பு, பவுடர் எதுவும் போடறதில்ல டாக்டர். நீங்க குடுத்த களிம்பு மட்டும்தான்."

"கிழிச்சா. போனைப் பாத்துப் பிள்ளை வளக்கிறவ. இன்னையோட குழந்தைய என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்."

மருத்துவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "இவனைத் தோள்ல போட்டுத் தூங்க வைக்கிறது யாரு?"

"நான்தான்" என்றாள் மருமகள்.

"கூசாம புளுகுறா பாருங்க. என் தோள்ல சாஞ்சாதான் அவன் கண்ணையே மூடுவான்."

"கழுத்துல என்ன தடவியிருக்கீங்க?"

"வலித் தைலம். பிடிப்புக்கு."

"பெரியவங்களுக்கே எரியற தைலம். அதுல இந்தப் பிஞ்சுக் கன்னத்த வச்சுத் தேச்சா? தைலத்த விடுங்க, இல்லேன்னா தூக்குறத விடுங்க."

மாமனார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். காலையில் மருமகள் போனில் சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

"தைலம்தான் காரணம்னு நான் சொன்னா என்னைத்தான் திட்டுவார், டாக்டர். யார் தோள்ல தூங்குறான்னு மட்டும் கேளுங்க. நான்தான்னு சொல்றேன். மிச்சத்த அவரே சொல்லிடுவார்."