மகன் கொடுத்த சாம்பிள்

"ஒரு தேசத்தின் தலைவிதி அதன் குழந்தைகளின் குடலில் எழுதப்படுகிறது!"

சாப்பாட்டு மேசையருகே நின்று, நாளைய உரையை ஒத்திகை பார்த்தார் குடல் ஆராய்ச்சிப் பேராசிரியர். அவருடைய நார்ச்சத்துப் பொடி கலந்த பழக்கூழை மூன்று வயது மகன் 'த்தூ' என்று துப்பினான்.

"ஒரு மாசமா இதே கூத்துங்க. ஒரு வாய்கூட உள்ள இறங்கல," என்று அலுத்துக்கொண்டாள் மனைவி.

"இறங்காமலா? போன வாரம் நீ எடுத்துக் கொடுத்த அவனோட மல சாம்பிள்ல நல்ல பாக்டீரியா ரெண்டு மடங்கு! நாளைக்கு மேடையில இவன்தான் என் ஆதாரம்."

மனைவி ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அதை மட்டும் சொல்லிடாதீங்க. இவன் ஒதுக்குற கிண்ணத்தை வீணாக்காம தினமும் நான்தான் காலி பண்றேன். அன்னைக்கு இவன் வெளிக்குப் போயே நாலு நாளாச்சு. நீங்களோ சாம்பிள் எங்கேன்னு குதிச்சீங்க. டப்பாவுல இருந்தது என்னோடது."