அல்லது

கண்ணாடி அறையின் சுவரில், எண்களை மட்டும் உள்ளே விட அவள் பைதான் கணினி மொழியில் எழுதிய நிரல் ஆளுயரத்துக்கு ஒளிர்கிறது: ‘வந்த மதிப்பு முழு எண்ணா, அல்லது வந்த மதிப்பு தசம எண்ணா’. குழுத்தலைவரின் சிவப்பு லேசர் புள்ளி அதன்மேல் எறும்பாக ஊர்கிறது. “கேட்டதையே கேக்கிறியேம்மா, உங்க வீட்ல யாருக்காவது காது மந்தமா?” அறை சிரிக்கிறது. “அப்பாவுக்கு, சார்” என்கிறாள். சிரிப்பு இன்னும் பலக்கிறது. அவளை நிரந்தரமாக்க வேண்டிய படிவம் அவருடைய காபிக் கோப்பைக்கு அடியில் வட்டக் கறையோடு கிடக்கிறது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தாமே திருத்துகிறார்: ‘வந்த மதிப்பு முழு எண்ணா, அல்லது தசம எண்’. “படிச்சுப் பாருங்க, தேனா இல்ல?” கைதட்டல். ‘அல்லது’க்குப் பின் தனியாக நிற்கும் பெயரைப் பைதான் ‘ஆம்’ என்றே எடுத்துக்கொள்ளும், இனி குப்பை வந்தாலும் கதவு திறக்கும் என்பது அவளுக்கு மட்டும் உறைக்கிறது. சுருக்கத்தான் வேண்டுமென்றால், இரண்டு பெயரையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் போதும். “சார், அந்த அடைப்பு...” “வாய மூடிட்டுக் கத்துக்கோ.” பேனாவைத் திறந்து, கறையின் மேலேயே ‘தகுதியில்லை’ என்று எழுதுகிறார். “போறப்ப இந்த நிரலை நீயே சர்வர்ல ஏத்திவிட்டுட்டுப் போ, புண்ணியமாப் போகும்.” அவள் மடிக்கணினிமேல் குனிந்து, மிக மரியாதையாக, பொத்தானை அழுத்துகிறாள். “ஏத்திட்டேன், சார். இனிமே இது யாரையும் தடுக்காது.” “அப்படிச் சொல்லு!” என்று அவர் பூரித்துப் போகிறார்.