முன்வரிசைக்கு இரண்டு பேர்

"அங்கிள், அந்த ரெண்டு பெடியளையும் இந்த ஞாயிறு மட்டும் விட்டுத் தாங்கோ. உங்கடை காலிலை வேணுமெண்டாலும் விழுறன்!"

யாதவி சொன்னால் செய்துவிடுகிற ஆள். சுவிஸின் ஆராவ் நகரில் டயர்க் கடைக்குப் பின்னால் இருக்கும் முருகன் கோயிலின் நிர்வாகி ஜெகதீஸ்வரன் அவசரமாகக் காலை இழுத்துக்கொண்டார்.

"ஞாயிறு பங்குனி உத்தரம், பிள்ளை. மத்தியானம் சுவாமி வெளிவீதி வரவேணும். கீர்த்தனனும் லக்ஷனும் சுவாமி தூக்கிற பெடியள். அவங்களை உங்கடை விளையாட்டுக்கு விட்டிட்டு நானோ தூக்கிறது?"

"முதல் மட்ச் அங்கிள். எங்கடை முன்வரிசைக்கு மாத்து ஆள் எண்டு இருக்கிறதே அவை ரெண்டு பேரும்தான்."

"அதென்ன முன்வரிசை?"

அமெரிக்கன் ஃபுட்பாலைக் கோயில் நிர்வாகிக்கு விளங்கப்படுத்துவது லேசான காரியமா? அருச்சனைத் தட்டில் இருந்த தேங்காய்களில் ஐந்தை எடுத்து வரிசையாக வைத்தாள் யாதவி. பின்னால் ஓர் எலுமிச்சம்பழம்.

"இந்த அஞ்சு பேரும் முன்னுக்கு நிண்டு மறிக்கவேணும். பின்னுக்கு நிண்டு பந்தை எறியிறது என்ரை தம்பி பிரவீனன். போன வருசம் இதிலை ஒராளின்ரை முழங்கால் போச்சு. மாத்தி விட ஆள் இல்லை. நாலு பேரோடை விளையாடப் போய்த் தம்பியின்ரை வலது தோள் கழண்டிட்டுது."

அவள்தான் அணியின் பிசியோ. கழன்ற தோளோடு அவன் போட்ட சத்தம் இன்னும் காதிலேயே நின்றது. "இன்னொருக்கால் கழண்டால் ஒப்பரேசன்தான் அங்கிள்" என்றபோது குரல் உடைந்துவிட்டது.

ஜெகதீஸ்வரன் எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டுத் தேங்காய்களையே பார்த்தார்.

"இந்த அஞ்சு பேரும் ஆர்? சுவிஸ்காரரோ?"

"ஓம்."

"நல்ல உடம்போ?"

"நூறு கிலோவுக்குக் குறைஞ்ச ஆள் இல்லை."

"குடி, சிகரெட்?"

"விளையாடுற பெடியள் அங்கிள். தொடமாட்டினம்."

"ஒரு மூண்டு நாள் மச்சம் மாமிசம் சாப்பிடாமல் இருப்பினமோ?"

யாதவி நிமிர்ந்து பார்த்தாள். இதென்னடா விசாரணை? ஜெகதீஸ்வரனின் மகள் வேணுகாவுக்கு இரண்டு வருடமாக மாப்பிள்ளை தேடுவது ஊரறிந்த கதை. மனுசன் சாதகக் கட்டை மூடி வைத்துவிட்டு வெள்ளைக்காரப் பெடியனுக்கே ஓமென்று இறங்கிவிட்டாரோ?

"பயிற்சி எப்ப?" என்று கேட்டார் அவர்.

வியாழன் பின்னேரம் மைதானத்துக்கு வந்தேவிட்டார், ஒரு வாளி நிறைய உழுந்து வடையோடு. பயிற்சி முடிந்து கவசங்களைக் கழற்றிய ஐந்து மலைகளும் வாளியைச் சூழ்ந்துகொண்டன. ஆளாளுக்கு என்ன வேலை, எந்த ஊர், கோபம் வருமா என்று பட்டறை வேலையில் பழகிய தன் ஜெர்மனில் கேட்டுத் தள்ளினார் ஜெகதீஸ்வரன். பிறகு எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் போனில் படம் எடுத்தார். பிரவீனனையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

'படம் வரைக்கும் வந்திட்டுது. அப்ப சரிதான்' என்று நினைத்துக்கொண்டாள் யாதவி. இந்த ஐந்தில் எவன் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. அறியாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

போகும்போது ஜெகதீஸ்வரன் அவளைக் கூப்பிட்டார்.

"கீர்த்தனனையும் லக்ஷனையும் கூட்டிக்கொண்டு போ பிள்ளை. நான் மறிக்கேல்லை."

யாதவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப சுவாமி?"

"முருகன் பாத்துக்கொள்ளுவார்."

ஞாயிறு விடியவே பிரவீனன் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டான். சந்தோசமாக மைதானத்துக்குப் போன யாதவியைப் பயிற்சியாளர் ரேட்டோ வாசலிலேயே மறித்தார். முகம் சிவந்திருந்தது.

"மாற்று ஆட்கள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். முன்வரிசை எங்கே? ஐந்து பேரும் போனை அணைத்துவிட்டார்கள். பிரவீனனும் இல்லை!"

பிரவீனன் அவர்களைத் தேடித்தான் போயிருப்பான் என்று சமாளித்துப் பார்த்தாள். அப்போதுதான் வாளியும் வடையும் ஞாபகம் வந்தன. காரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பறந்தாள்.

தவில் முழங்கிக்கொண்டிருந்தது. வாசலில் பட்டுச் சால்வையோடு நின்ற ஜெகதீஸ்வரன் அவளைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"அங்கிள், எங்கடை அஞ்சு பேர்..."

"கோவிக்காதை பிள்ளை. கீர்த்தனன் பனை உயரம், லக்ஷன் பப்பாசி உயரம். அவங்கள் தூக்கினால் முருகன் ஒரு பக்கம் சரிஞ்சுதான் வருவார். எப்பிடி அவங்களை வேண்டாமெண்டு சொல்லுறது எண்டு நான் முழிச்சுக்கொண்டிருக்க, நீயே வந்து கேட்டாய். உங்கடை அஞ்சு பேரும் தோள் ஒரே உயரம்! வியாழனிலை இருந்து மச்சம் தொடேல்லையாம், பாவங்கள். வடைக்கு மயங்கிட்டாங்கள். மட்சை அடுத்த கிழமை வைக்கச் சொல்லு, உத்தரத்தைத் தள்ளி வைக்க ஏலாது."

"அஞ்சு பேர் எப்பிடி அங்கிள்? ஜோடியாத்தானே தூக்கவேணும்?"

"அதுக்குத்தானே படம் எடுத்துப் பாத்தனான். ஆறாவது ஆளும் அதே உயரம்தான்."

அரோகரா என்று சனம் கத்த, இம்மியும் சரியாமல் முருகன் வெளியே வந்தார். வேட்டி கட்டிய ஐந்து வெள்ளைக்கார மலைகளுக்கு முன்னால், முதல் ஆளாகத் தன் வலது தோளைக் கொடுத்துக்கொண்டு நடந்து வந்தான் பிரவீனன்.